அரசக் களா

எந்த வரைபடத்தையும் விரித்து வைத்துக்கொண்டு வீணாகக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். செம்மேட்டு நாடு என்று ஒரு நாடு இருந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும். அந்த நாட்டு மக்கள் பரம சாதுக்கள். வெயில் காலத்தில் வெயிலைத் திட்டுவார்கள், மழைக் காலத்தில் மழையைத் திட்டுவார்கள், அரசரை மட்டும் எந்தக் காலத்திலும் திட்டமாட்டார்கள். ஏனென்றால் அவரைத் தேர்ந்தெடுத்ததே அவர்கள்தான். தானே அலைந்து திரிந்து பார்த்து முடித்த மாப்பிள்ளையைக் குறை சொல்ல எந்த மாமனாருக்கு வாய் வரும்? அரசரின் பெயர் அரணுடையார். அதுவும் அவரே தமக்கு வைத்துக்கொண்டது.

அந்த மக்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. காய் தாங்கி நிற்கிற செடியில் இரும்பு படக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சியின் மேல் கை ஓங்குவதும் காய்த்த செடியின் மேல் அரிவாள் ஓங்குவதும் அவர்களுக்கு ஒன்றுதான். அவரைப் பந்தல் சரிந்து தலையில் விழுந்தாலும், கடைசி அவரைக்காய் வரை பறித்து முறத்தில் போட்ட பிறகே அரிவாளைத் தேடுவார்கள். யாருக்கும் கெடுதல் இல்லாத, நல்ல வழக்கம். அரண்மனையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அந்த வழக்கம் நன்றாகவே தெரிந்திருந்தது.

வடக்குத் தெருவில் முத்திருளன் என்று ஒரு தோட்டக்காரன். வீட்டைச் சுற்றிக் கத்தரியும் வாழையும் வைத்துப் பிழைத்தவன். மண்ணைத் தொட்டால் கை மணக்கும் என்று தெருவே சொல்லும். அவன் பெண்டாட்டி ஒச்சம்மா, ஆடு வளர்த்தாள். பிள்ளை கிடையாது. ஆடுகளுக்குத்தான் பேர் வைத்து, கொஞ்சி, கோபித்து, சோறூட்டாத குறையாக வைத்திருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்க்காகவே முத்திருளனுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அதை அவன் ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை.

ஒரு நாள் தமுக்கு அடித்துக்கொண்டு வண்டி ஒன்று தெருவுக்குள் வந்தது. வண்டி நிறைய நாற்றுகள். அதன் மேல் வேலி ஆய்வாளர் பரமானந்தம் நின்றுகொண்டிருந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“பெருமைக்குரிய குடிமக்களே! எல்லைக்கு அப்பால் அந்நிய ஆட்டு மந்தைகள் திரண்டு நிற்கின்றன. நமது கத்தரியையும் வாழையையும் மேய்ந்து தீர்ப்பதே அவற்றின் நீண்டகாலத் திட்டம். ஆகவே மாமன்னர் அரணுடையார், ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் களாச் செடி நட ஆணையிட்டிருக்கிறார். சாதாரணக் களா அல்ல. அரசக் களா! முள்ளோ ஊசி. இலையோ எந்த நாளும் உதிராது. காயோ வருடம் முழுக்க!”

“அந்த ஆட்டை யாரு சாமி பாத்தா?” என்று கேட்டாள் ஒச்சம்மா.

“அம்மணி, கண்ணுக்குத் தெரிகிற ஆபத்தை யார் வேண்டுமானாலும் தடுத்துவிடலாம். தெரியாத ஆபத்தைத் தடுப்பதற்குத்தான் அரசாங்கம் இருக்கிறது.”

“அதுவும் சரிதான். ஆனா களாவை ஆடு திங்குமே! எங்க ஆடுகளைப் பாருங்க, முள்ளை ஒதுக்கிட்டுத் தளிரை மட்டும் வலிச்சு வலிச்சுத் திங்கும்.”

தெருவே சிரித்தது. பரமானந்தம் சிரிக்கவில்லை. அவள் சொன்னதை நல்ல தகவலாக எடுத்துக்கொண்டு, நன்றி தெரிவித்துவிட்டுப் போனார்.

முத்திருளனுக்குச் செடி என்றால் போதும், யார் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றாது. முழங்கை ஆழத்துக்குக் குழி பறித்தான். தொழு உரமும் செம்மண்ணும் கலந்து போட்டான். இலையோடு இலை உரசுகிற நெருக்கத்தில் நாற்றை ஊன்றினான். கொழுந்தைக் கிள்ளிவிட்டால் பக்கவாட்டில் கிளைத்து அடர்ந்து வரும் என்பது தெரிந்து, கிள்ளிக் கிள்ளி விட்டான். கிள்ளிய இடத்தில் வெள்ளைப் பால் கசிந்து விரலில் பிசுபிசுக்கும். வேட்டியில் துடைத்துக்கொள்வான். மல்லிகை போலப் பூத்தது. முதல் காய், ஒரு பக்கம் வெள்ளையும் ஒரு பக்கம் ரோஜா நிறமுமாகப் பிடித்தபோது ஒச்சம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான். ஒன்றைப் பறித்து வாயில் போட்டவள், புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, “உப்பும் மொளகாப்பொடியும் போட்டு ஊற வச்சா ஒரு சட்டி கஞ்சி போகும்யா” என்றாள். அன்றைக்கு இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு கம்மி.

ஆடுகள் களாவைத் தின்னும் என்று பொதுமக்களில் ஒருவரே ஒப்புக்கொண்டுவிட்டதால், நாட்டுக்குள் இருக்கிற ஆடுகள் அனைத்தும் அந்நிய ஆடுகளின் கையாட்கள் என்று அறிவிப்பு வந்தது. ஒச்சம்மாவின் ஆடுகளைக் கயிறு போட்டு இழுத்துப் போனார்கள். போகும்போது அவை திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்தின. “என் வாய்தான்யா, என் பாழாப்போன வாய்தான்” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அரண்மனைச் சமையலறையில் அன்று என்ன சமைத்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. வடக்குத் தெரு வரை வாசம் வந்தது என்று மட்டும் சொல்கிறார்கள்.

அடுத்த அறிவிப்பு வாசல்களைப் பற்றியது. வேலியைச் சுற்றிலும் வைத்துவிட்டு நடுவில் வாசலைத் திறந்து போடுவது, பானையை மூடாமல் பூனையைத் திட்டுவது போல என்று வேலித்துறை அமைச்சர் கண்டுபிடித்திருந்தார். ஆகவே எல்லா வாசலிலும் களா நட வேண்டும். மக்கள் போய்வர, வேலியின் அடியில் ஒரு தவழ்வழி விட்டுக்கொள்ளலாம். ஆடு நேராக நுழைந்துவிடாமல் அதன் நடுவில் ஒரு வளைவு இருக்க வேண்டும்.

“தவழ்ந்தா போறது? நாங்க என்ன பச்சப் புள்ளைகளா?” என்று கேட்டான் பக்கத்து வீட்டுக் காத்தமுத்து. ஒச்சம்மாவுக்குத் தம்பி முறை. முத்திருளனை மாமா என்பான்.

“தம்பி, குனிந்து போவது முதுகுக்கு நல்லது. பணிவு நாட்டுக்கு நல்லது. ஒரே வழியில் இரண்டு நன்மை” என்றார் பரமானந்தம்.

பிறகு மழை பொய்த்தது. கிணற்றில் இருக்கிற தண்ணீரை முதலில் வேலிக்கும் மிச்சத்தை வாய்க்கும் ஊற்ற வேண்டும் என்றார்கள். கத்தரி கருகியது. வாழை தலை சாய்ந்தது. களா மட்டும் தளதளவென்று நின்றது. அரசரின் மாளிகை குன்றின் மேல் இருந்தது. உப்பரிகையிலிருந்து பார்த்தால் நாடு முழுக்கப் பச்சைப் பசேல்தான். “எம் ஆட்சியில் ஓர் இலைகூட உதிர்ந்ததில்லை” என்று அவர் ஒவ்வொரு விழாவிலும் சொன்னார், அது உண்மையும்கூட. காயைப் பறித்துத் தின்று பசியாற்றலாம் என்று சிலர் கை வைத்தபோது, களாக்காய் நாட்டின் அணிகலன், அனுமதியில்லாமல் பறிப்பது குற்றம் என்று இன்னோர் அறிவிப்பு வந்தது.

இதற்கிடையில் முத்திருளனுக்கு வேலித் திலகம் என்று பட்டம் கொடுத்துத் தோளில் பட்டுத் துண்டு போர்த்தினார்கள். நாட்டிலேயே அடர்த்தியான வேலி அவனுடையது என்றார்கள். அவன் வெட்கப்பட்டான். ஆனால் பெருமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். ஒச்சம்மா அந்தத் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குய்யா. கஞ்சியில்லாத வயித்துல ஈரத்துணியா நனைச்சுக் கட்டிக்கலாம்” என்றாள்.

அவள் காலில் முள் ஏறியது வேலிக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோதுதான். கிளையில் இருக்கிற முள் கண்ணுக்குத் தெரியும். மண்ணில் விழுந்து காய்ந்த முள் தெரியாது. குதிகாலில் முழுசாக இறங்கிவிட்டது. முத்திருளன் பிடுங்கினான். பாதிதான் வந்தது. மீதி உள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது. மஞ்சளை இழைத்துப் போட்டார்கள். வேப்பெண்ணெயைக் காய்ச்சி விட்டார்கள். கால் வீங்கியது. கணுக்கால் காணாமல் போனது. வீக்கம் கெண்டைக்கு ஏறி, பளபளவென்று நீலம் பாய்ந்தபோது காய்ச்சல் கொதித்தது.

முத்திருளன் தவழ்வழியில் ஊர்ந்து வெளியேறி வைத்தியர் வீட்டுக்கு ஓடினான். வைத்தியர் வீட்டு வேலிக்கு வெளியே ஏகப்பட்ட கூட்டம். எல்லாரும் முள் குத்தியவர்களின் வீட்டுக்காரர்கள். வைத்தியர் கனத்த உடம்புக்காரர். தவழ்வழிக்குள் அவர் புகமுடியாது. ஆகவே வெளியிலிருந்து ஒவ்வொருவரும் நோயைக் கத்திச் சொல்ல, அவர் உள்ளிருந்து மருந்தை இலையில் மடித்து வேலிக்கு மேலாக எறிந்துகொண்டிருந்தார்.

“வைத்தியரய்யா! வீக்கம் முட்டிக்கு வந்துருச்சு! காலு நீலமா இருக்கு!” என்று முத்திருளன் கத்தினான்.

வேலிக்கு மேலாக வந்துகொண்டிருந்த மருந்துப் பொட்டலங்கள் நின்றன.

“அதுக்கு எறியிற மருந்து கெடையாதுப்பா. கீறித்தான் எடுக்கணும். பொழுது சாயறதுக்குள்ள இங்க தூக்கிட்டு வா. என் வேலியில கெழக்கால பட்டுப்போன எடம் ஒண்ணு இருக்கு, பிரிச்சு வைக்கிறேன். நாளைக்குன்னா வேண்டாம்.”

ஓடி வந்தான். சாக்கை விரித்து அவளைப் படுக்க வைத்து, தவழ்வழியில் முன்னால் ஊர்ந்துகொண்டு சாக்கை இழுத்தான். வளைவு வரை வந்துவிட்டாள். வளைவில் வீங்கிய கால் மடங்கவில்லை. மேலும் கீழும் முள். ஓர் இழுப்புத்தான் இழுத்தான். அவள் போட்ட சத்தத்தில் தெரு முழுக்க வெளியே தலை நீட்டியது. அவளைத் திரும்ப உள்ளே தள்ளிக் கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினான்.

“மாமா! என்னத்த யோசிக்கிறீக? அருவாளை எடுத்து வெட்டித் தள்ளுங்க! கட்டிலோட தூக்கிருவோம்!” என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து காத்தமுத்து கத்தினான்.

முத்திருளன் அரிவாளை எடுத்தான். வேலிக்கு முன்னால் வந்து நின்றான். கிளை கிளையாகக் காய் தொங்கிக்கொண்டிருந்தது. கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

“காய் நிக்குதுடா” என்றான்.

“அட ஆமா” என்றான் காத்தமுத்து. குரல் இறங்கிவிட்டது. “அப்பப் பறிச்சுருவோம் மாமா. அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான்.”

அனுமதியில்லாமல் பறித்தால் சிறை. அதைப் பற்றி இருவரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அரசரின் சட்டத்தை மீற அவர்களுக்குக் கண் இமைக்கிற நேரம் போதுமாயிருந்தது. பாட்டன் பூட்டன் வழக்கத்தை மீறத்தான் கை வரவில்லை. தெருவில் மற்றவர்களும் தவழ்ந்து வந்து சேர்ந்துகொண்டார்கள். காயைப் பறிக்கப் பறிக்கப் பால் வழிந்தது, முள் கிழித்து ரத்தம் வழிந்தது. நாட்டிலேயே அடர்த்தியான வேலி! முத்திருளனே கிள்ளிக் கிள்ளிக் கிளைக்கவைத்த வேலி! ஒரு கொப்பை விலக்கினால் உள்ளே பத்துக் கொப்பு காயோடு ஒளிந்துகொண்டிருந்தது.

கட்டிலில் கிடந்த ஒச்சம்மா, திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏய்யா... என்ன பண்ற?”

“இந்தா ஆச்சு புள்ள. காயைப் பறிச்சுட்டு வெட்டிருவேன்.”

“வெட்டுய்யா. காயாவது பூவாவது. எனக்கு உசுரு போகுது.”

“பாவம் புள்ள. காய்ச்சது.”

அவள் கோபமே இல்லாமல், ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள்: “நான் காய்க்காதவன்னுதானா?”

முத்திருளன் வாய்விட்டு அழுதான். கண்ணீர் மறைக்க மறைக்க இன்னும் வேகமாகப் பறித்தான். ஆத்திரத்தில் இலையையும் முள்ளையும் சேர்த்து உருவினான். வெயில் இறங்கிக்கொண்டே போனது. ஒரு வழியாக வாசல் அகலத்துக்கு ஒரு காய் மிச்சமில்லை என்று காத்தமுத்து குரல் கொடுத்தான். முத்திருளன் மறுபடி அரிவாளை ஓங்கினான்.

“சற்றுப் பொறு” என்று ஒரு குரல். பரமானந்தம் வந்து நின்றார். கூட இரண்டு சேவகர்கள். கையில் ஈட்டிகூட இல்லை.

“சாமி, என்னைய செயில்ல போடுங்க. எங்கன வேணா போடுங்க. இவளைக் கொண்டுபோய்ச் சேத்துட்டு வந்துடறேன்” என்று முத்திருளன் கும்பிட்டான்.

“சிறையா? வேலித் திலகத்துக்கா? அபசாரம். பறித்த குற்றத்தை இப்போதே மன்னித்துவிட்டேன். வெட்டுவதையும் அரசாங்கம் தடுக்கவில்லை.” அவர் ஒரு கிளையை விரல் நுனியால் மெல்லத் திருப்பினார். “ஆனால் இது என்ன?”

வெள்ளையாகப் பூத்திருந்தது.

“பூ என்பது நாளைய காய். வயிற்றில் இருப்பதும் பிள்ளைதானே? சட்டம் என் கையில். அதை வளைக்க எனக்கு அதிகாரம் உண்டு. வழக்கம் உங்கள் முன்னோர்களுடையது. அதில் தலையிட நான் யார்?” என்று பரமானந்தம் இரண்டு கைகளையும் விரித்தார்.

முத்திருளன் திரும்பித் தெருக்காரர்களைப் பார்த்தான். யாராவது ஒருவர், வெட்டுடா முத்திருளா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தால் போதும். ஒருவரும் சொல்லவில்லை. காத்தமுத்துகூடத் தலையைக் குனிந்துகொண்டு, “பூ இருக்கே மாமா” என்றான்.

பூவைப் பறித்தார்கள். பூவுக்குப் பின்னால் அரும்பு இருந்தது. அரும்பைக் கிள்ளினார்கள். வருடம் முழுக்கக் காய்க்கிற செடியில் இது எங்கே போய் முடியும்? பரமானந்தம் ஒரு வார்த்தை அதட்டாமல், ஒரு விரலை நீட்டாமல், இன்னும் சொல்லப்போனால் கொஞ்சம் வருத்தத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார். பொழுது சாய்ந்தது. முத்திருளன் கை நிறைய அரும்போடு வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, “இந்தா புள்ள, முடிஞ்சுருச்சு” என்றான். ஒச்சம்மா கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். அதற்கு முன்பே அவள் முடிந்துவிட்டிருந்தாள்.

இனி யாருக்காக வேலியை வெட்டுவது என்று அரிவாளைப் போட்டுவிட்டான். பிணத்தையும் தவழ்வழியில் கொண்டுபோக முடியாது. தோட்டத்துக்குள்ளேயே, வேலியை ஒட்டிக் குழி பறித்தான். மண் இளக்கமாக இருந்த இடம் அது ஒன்றுதான். தினமும் தண்ணீர் ஊற்றிய இடம். குழியை வேறு யாரையும் பறிக்க விடவில்லை. முழங்கை ஆழம் போதாது என்பதால் ஆளுயரத்துக்குப் பறித்தான்.

மறுநாள் அரசரின் இரங்கல் உரையைப் பரமானந்தம் வேலிக்கு வெளியே நின்று வாசித்தார். ஒச்சம்மாவின் குதிகாலில் ஏறிய முள் அந்நிய ஆடுகளின் சதி என்று அதில் கண்டிருந்தது. அவளுக்கு வேலித் தியாகி என்று பட்டம் கொடுக்கப்பட்டது. இந்த ஈனச் செயலுக்குப் பதிலடியாக வேலிகளை இன்னும் ஒரு முழம் உயர்த்துவோம் என்றும் அரசர் சூளுரைத்திருந்தார். கூட்டத்தில் சிலருக்குப் பல் நறநறவென்று கடிபட்டது, ஆடுகளின் மேல்தான்.

ஒச்சம்மா படுத்திருந்த இடத்தில் களா மற்ற இடத்தைவிடச் செழித்து வளர்ந்தது. முத்திருளன் கிள்ளவில்லை, கவாத்துப் பண்ணவில்லை. தன் பங்குத் தண்ணீரையும் அதற்கே ஊற்றிவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான். உயிரோடு இருந்தபோது சொல்லாததையெல்லாம் சொன்னான்.

தேர்தல் வந்தது. இந்த முறை அரணுடையாரை எதிர்த்துப் புதியவர் ஒருவர் நின்றார். வாசலார் என்று பெயர். அவர் தெருத் தெருவாக வந்து, வேலிக்கு வெளியே நின்று, தொண்டை கிழியப் பேசினார். “நான் வந்தால் ஒரே நாளில் வேலி அனைத்தையும் வேரோடு பிடுங்குவேன்! காய் இருந்தாலும் பிடுங்குவேன், பூ இருந்தாலும் பிடுங்குவேன்! பாவம் என்றால் அந்தப் பாவம் என் தலையில் விழட்டும்! ஒவ்வொரு வீட்டுக்கும் வண்டி நுழைகிற வாசல்!” மக்கள் கை தட்டினார்கள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்த நாட்டில் கேட்ட கைதட்டல் அது. வடக்குத் தெருவில் காத்தமுத்துதான் அவருக்காக ஊர்ந்து ஊர்ந்து ஆள் சேர்த்தான். முழங்கை இரண்டும் தேய்ந்துபோயிற்று.

ஓட்டுப் போடும் முறை எளிது. வேலிக்கு மேலாக ஒரு கழியில் பானையைக் கட்டி நீட்டுவார்கள். வீட்டுக்காரர் தன் வேலியில் பறித்த ஒன்றை அதில் போட வேண்டும். கறுத்த பழம் போட்டால் அரணுடையாருக்கு. சிவந்த காய் போட்டால் வாசலாருக்கு. பெண்டாட்டியைப் பறிகொடுத்த முத்திருளன் எதைப் போடுவான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அரண்மனையிலேயே அவன் ஓட்டை எதிர்க்கட்சிக் கணக்கில் எழுதிவிட்டார்களாம்.

பானை வந்தது. முத்திருளன் ஒச்சம்மாவின் தலைமாட்டில் நின்ற செடியருகே போனான். காயும் பழமும் கலந்து தொங்கின. சிவந்த காய் ஒன்றைத் தொட்டான். பிறகு கீழே மண்ணைப் பார்த்தான். களாவின் வேர் எவ்வளவு ஆழம் போகும், எப்படிப் பின்னும் என்பது அவனுக்குத் தெரியாததா? பிடுங்கினால் வேர் மட்டும் தனியாக வராது. மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஆட்கள் வந்து இந்த இடத்தில் நிற்பதை நினைத்துப் பார்த்தான். தொட்ட காயை விட்டுவிட்டான்.

“மாமா! அக்காவை நெனச்சுக்கிட்டுப் போடுங்க!” என்று வெளியிலிருந்து காத்தமுத்து குரல் கொடுத்தான்.

“அவளை நெனச்சுத்தான்டா போடுறேன்” என்றான் முத்திருளன்.

நன்றாகக் கறுத்த பழமாகப் பார்த்துப் பறித்துப் பானையில் போட்டான்.

செம்மேட்டு நாட்டில் அந்த வருடம் வேலியடியில் ஆள் புதைக்காத வீடு மிகவும் குறைவு. அரணுடையார் இதற்கு முன் எந்தத் தேர்தலிலும் அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் ஜெயித்ததில்லை.